பெட்டியைத் தூக்க நாலு பேர்

சபையில் எழுந்து நின்று பேசும்படி போதகர் ஐயா மூன்று வருஷமாகச் சொல்கிறார். வீட்டில் எனக்கு வாய் நீளம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். அன்பானவர்களே, நான் ஊன்றிக் கேட்ட இரண்டு ஜெபங்களுக்குத் தேவன் நான் நினைத்தபடி பதில் தரவில்லை. மூன்றாவதற்குத் தந்தார்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்கச் சபைக் குடும்பங்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஞானமுத்து துறைமுகத்தில் மேஸ்திரி. வேலையை விட்டு வரமாட்டேன் என்றார். எங்கள் ஒரே மகள் கோலாரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தங்கினோம்.

பயம் தெளிந்த பிறகும் போனவர்கள் வரவில்லை. பெரம்பூர், அரக்கோணம் என்று அங்கங்கே வேலையும் வீடும் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? புது ஆட்கள் குடிவந்தார்கள். அடுத்த வீட்டில் காதர் பாயும் அவர் மனைவி ஹமீதாவும். வண்ணாரப்பேட்டைக்காரர்கள்தான், பிழைப்புக்கு ரங்கூன் போய், யுத்தத்தில் நடந்தே திரும்பியவர்கள். எதிரில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக்கடை போட்டார். மற்ற வீடுகளில் மில் தொழிலாளிகள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வீடு நடந்த பாட்டும் ஜெபமும் நின்றுபோயின. எனக்கு அந்தச் சந்தே பிடிக்காமல் போயிற்று. 'ஆண்டவரே, என் ஜனங்களைத் திருப்பிக் கொண்டுவாரும்' என்று தினமும் அழுதேன்.

அழுததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் குழாயடியில் ஒரு ஏற்பாடு உண்டு. வீட்டுக்கு ஒரு செங்கல். அதை வரிசையில் வைத்தால் ஆள் நிற்கிற மாதிரி கணக்கு. போனவர்களின் கற்களில் ஐந்தை நான் பத்திரப்படுத்தி, தினமும் என் கல்லோடு அவற்றையும் முன்னால் வைத்தேன். அவர்கள் முறை வந்ததும் நானே ஐந்து குடம் பிடித்து வாசலில் தெளித்தேன். அவர்கள் இடம் பறிபோகக் கூடாதாம். புதிதாக வந்தவர்கள் பின்னால் காத்து நின்றார்கள்.

"இன்னாத்துக்கு சாரா இந்த வேலை? வராதவங்களுக்குத் தண்ணி புடிச்சுகினு, கீறவங்கள நிக்க வச்சுகினு," என்பார் என் வீட்டுக்காரர்.

"அவுங்க வந்தா யாரு பதில் சொல்றது?" என்பேன்.

ஒருநாள் ஹமீதாவின் குடம் பாதி நிரம்பும்போதே தண்ணீர் நின்றுவிட்டது. பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. வைகாசி மாதம் அவருக்கு விஷஜுரம் கண்டது. 'ஆண்டவரே, இவரைக் குணமாக்கும்' என்று பத்து நாள் உபவாசமிருந்தேன். ஒரு புதன்கிழமை விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டார்.

எங்கள் சபையில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. வீட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் பெட்டியைத் தெருக்காரர்கள்தான் தோளில் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சபையார். வீட்டு வாசலிலேயே சவ வண்டியில் ஏற்றினால், செத்தவன் நாதியற்றவன் என்று அர்த்தம். அந்தச் சந்தில் என் வீட்டுக்காரர் தூக்காத பெட்டி கிடையாது. இப்போது அவரைத் தூக்க ஆளில்லை. போதகர் ஐயா வந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "வண்டி சொல்லட்டுமா அம்மா?" என்றார். வெயிலில் மகள் வரும்வரைகூட வைத்திருக்க முடியாது.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். 'ஆண்டவரே, குணமாக்கச் சொன்னேன், நீர் எடுத்துக்கொண்டீர். நான் வழக்காட வரவில்லை. நாலு பேரை மட்டும் அனுப்பும். இவரை வண்டியில் ஏற்ற விடாதேயும்.' அவ்வளவுதான் ஜெபம். அப்போதும் என் மனசில் வந்ததெல்லாம் பெரம்பூருக்குப் போன முகங்கள்தான்.

கதவைத் திறந்து வாசலுக்கு வந்தேன். காதர் பாய், அண்ணாச்சி, மில் தொழிலாளிகள் இரண்டு பேர், செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

காதர் பாய்தான் பேசினார். "யக்கா, தெருக்காரங்கதான் தூக்கணும்னு மேஸ்திரி கடையாண்ட சொல்லிகினு இருப்பாரு. நாங்க தெருக்காரங்களா இல்லியான்னு நீதான் சொல்லணும்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பக்கத்தில் அண்ணாச்சி, "சொல்லுங்கம்மா, வெயில் ஏறுதுல்லா," என்றார்.

"நீங்கதான் தெருக்காரங்க," என்றேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

வழியில் காதர் பாயின் சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வழக்கப்படி தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் கேட்டது நாலு பேர். கோயில் வாசலில் பெட்டியை இறக்கியபோது பதினாலு பேர் நின்றார்கள்.

காசிமேட்டில் அடக்கம் முடிந்து திரும்பினேன். ஹமீதா என் வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் குடித்து முடித்த பிறகு சொன்னாள்: "ரங்கூன்லேர்ந்து நடந்து வரச்சொல்ல வழியில எங்க புள்ள பூட்டான் யக்கா. நாலு வயசு. கூடத் தூக்க ஒரு ஆளு இல்ல. இவுரே ரெண்டு கையில ஏந்திகினு போயி பொதச்சாரு. அதிலேர்ந்து யாரு வூட்ல சாவுன்னாலும் தோள் குடுக்க ஓடிடுவாரு."

இரண்டு வருஷம் சுவருக்குச் சுவர் இருந்தும், உனக்குப் பிள்ளை உண்டா என்று அவளை நான் கேட்டதில்லை. இழந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அன்று அவள் மடியில் தலை வைத்து, என் புருஷனுக்கும் அவள் பிள்ளைக்கும் சேர்த்து அழுதேன். மறுநாள் விடிந்ததும் குழாயடியில் என் கல்லை மட்டும் வைத்தேன்.

அதற்குப் பிறகு என் துக்கம் பறந்துபோகவில்லை. இன்னும் சில நாள் கை தவறி இரண்டு பேருக்கு மீன் வாங்கிவிடுகிறேன். ஆனால் அந்தச் சந்து மறுபடியும் என் சந்தாகிவிட்டது. போனவர்கள் போன இடத்தில் சுகமாக இருக்கட்டும் என்று ஜெபிக்கிறேன். இருக்கிறவர்களைப் பேர் சொல்லி ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களிலும் எத்தனையோ பேர் வீட்டை, மனுஷரை, தெருவை இழந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தேவனிடம் துணிந்து கேளுங்கள். கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். நிற்பது நீங்கள் எதிர்பார்த்த முகமாக இல்லாவிட்டாலும், அனுப்பினவர் அவர்தான்.

இன்று பீடத்தில் இருக்கும் பூ என் நன்றிக் காணிக்கை. அது இரண்டு பேருடைய ஞாபகமாக. என் புருஷன் ஞானமுத்து. அடுத்த வீட்டு யூசுப், நாலு வயசு.