பசையில் முளைத்த சந்தேகம்

பாலைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு 'சிஐடி' என்று பட்டப்பெயர். வேலையும் அதற்குத் தோதாக வாய்த்தது. துருவத்தில் பனிக்குப் பதில் காடு இருந்த காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே பூஞ்சையோ நுண்ணுயிரோ குடியிருந்ததா என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்படி தேய்த்துக் கொடுப்பவன் அவள் தம்பி. துறைத்தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் அவனுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தாள். ஆனால் சின்ன வயதில் பல் தேய்க்காமல் பிரஷ்ஷை மட்டும் நனைத்து வைத்தவனை எப்படி நம்புவது?

ஒருநாள் அவன் கொடுத்த கண்ணாடியில், மரத்தின் செல்களுக்குள் நூல் நூலாக ஏதோ ஓடியது. பழங்காலப் பூஞ்சை என்று தலைவர் துள்ளிக் குதித்தார். அவளுக்கோ சந்தேகம் தட்டியது. கல்லை ஈரம் போகக் காயவைக்காமல் ஒட்டினால் பசையிலும் விரிசலிலும் இன்றைய பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் இப்படித்தான் தெரியும். முன்பொரு முறை இப்படி ஏமாந்துதான் தலைவர் கருத்தரங்கில் மூக்குடைபட்டு வந்தார்.

"காய வெச்சுத்தான் ஒட்டினியா?"

"ஓவன்ல வெச்சுத்தான்க்கா ஒட்டினேன்."

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். அது அவளை உறுத்தியது. அவன் சாப்பிடப் போனதும் பூனைபோல அவன் அறைக்குள் போனாள். ஓவன் ஜில்லென்று இருந்தது. ஜன்னலோரம் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கல். இதற்குமேல் என்ன வேண்டும்? நேரே தலைவரிடம் போய், தம்பி மேல் சந்தேகமாக இருக்கிறது என்றாள். சூடுபட்ட மனிதர் அவர். அன்றே அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

பிறகுதான் அந்தக் கண்ணாடியை நிதானமாக ஆராய உட்கார்ந்தாள். ஆற அமரப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா? நூல்கள் பசையில் இல்லை, மரத்துக்குள் ஆழத்தில் இருந்தன. அப்போதும் மனசு ஒப்பவில்லை. நுண்ணோக்கியின் குமிழைத் திருகத் திருக, நூல் புகுந்த செல்களின் பக்கத்துச் செல்கள் பலூன்போல உப்பி வழியை அடைத்திருந்தது தெரிந்தது. பூஞ்சை புகுந்தால் உயிருள்ள மரம்தான் அப்படி அடைக்கும், கல்லுக்கு அது வராது. அந்தப் பூஞ்சை மரத்தின் காலத்தையே சேர்ந்தது. அவளுக்கு முகம் எரிந்தது.

தலைவரிடம் சொன்னாள். அவனை வரச் சொல் என்றார். மூச்சிரைக்கத் தம்பியின் அறைக்கு ஓடினாள். அவன் சாமான்களைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான்.

"மரமே காட்டிக் குடுத்துடுச்சுடா. உம்மேல தப்பில்ல. வேலைக்கு வா."

"ஜன்னல்ல இருந்தது அடுத்த கல்லுக்கா, இனிமேதான் ஓவன்ல வைக்கணும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பையின் ஜிப்பை இழுத்தான். "இப்பக் கூப்பிடுறியே, என்னை நம்பியா, மரத்த நம்பியா?"

உன்னைத்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து வருகிறவன் அவன், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.