மூட்டையில் போடாத தட்டு

பேக்கரித் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். என் தோளில் ஒரு மூட்டை. அதற்குள் ஸ்டவ், இரண்டு பாத்திரம், போர்வை, துணிமணி. பின்னால் ஏழு மாத வயிற்றோடு என் மனைவி நடந்து வந்தாள். அவள் கையில் ஒரு துணிப்பை. அதில் எவர்சில்வர் தட்டு ஒன்றும் டம்ளர் ஒன்றும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய் கார்டும். மூட்டை கட்டும்போதே கேட்டேன், அதையும் இதிலேயே போட்டுவிடலாமே என்று.

"கையிலயே இருக்கட்டும்" என்றாள்.

அன்று காலை ஒரு தட்டு பன் கருகிவிட்டது. முதலாளி என்னைத் திட்டியிருந்தால் நின்றிருப்பேன். என் அப்பாவைச் சேர்த்துத் திட்டினார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாங்கள் தங்கியிருந்த அறை பேக்கரிக்கு மேலேதான் இருந்தது, ஆகவே வேலையோடு அறையும் போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியவன். அதற்குப் பிறகு எந்த இடத்தை விட்டுக் கிளம்புவதும் எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. கூட வேலை செய்த ஒருவன் ஹூப்ளியில் ஓட்டல் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தான். சாயங்காலம் சிட்டி ஸ்டேஷனில் ரயில். ஹூப்ளியில் எந்த ஓட்டல், எங்கே தங்குவது என்றெல்லாம் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு முந்திய சந்தில் என் மனைவி திரும்பினாள்.

"சாப்ட்டு வந்துர்றேன்" என்றாள். அப்போதுதான் தட்டு ஏன் கையில் இருந்தது என்று எனக்குப் புரிந்தது.

அந்தச் சந்தில்தான் அங்கன்வாடி இருந்தது. ஒரே அறை, தகரக் கூரை, வெளிச்சுவரில் யானையும் மாம்பழமும் கன்னட எழுத்துகளும். காலையில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். மத்தியானம் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டு வேலை செய்பவர்கள். ஒரு வீட்டை முடித்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியில் நுழைந்து, பாயில் உட்கார்ந்து, தட்டைப் பையிலிருந்து எடுத்து வைப்பார்கள். சோறு, கீரை போட்ட சாம்பார், ஒரு பொரியல், முட்டை, பால், ஒரு துண்டு கடலை மிட்டாய். சர்க்கார் சாப்பாடு. டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டுக்குப் போனால் அது எல்லோருக்கும் பங்காகிவிடும், வயிற்றுக்காரிக்கு மிஞ்சாது என்பது அங்கன்வாடி டீச்சருடைய கணக்கு. கணக்கு சரிதான். அந்தக் கடலை மிட்டாயை மட்டும் என் மனைவி முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். ராத்திரி ஆளுக்குப் பாதி தின்போம். நான் யோசிக்காமல்தான் தின்றேன்.

இன்றைக்கும் எங்காவது பெரிய பாத்திரத்தில் கீரை சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தால் நடை தானாகக் குறையும். நான் பார்த்த ஊர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஞாபகத்தில் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றும் இடம் அந்தத் தகரக் கூரை அறைதான், அதன் வாசல்படியில் மட்டும்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாலும்.

அன்றும் வாசல்படியில்தான் மூட்டையை இறக்கி உட்கார்ந்தேன். உள்ளே ஆறேழு பெண்கள். என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாட்டர் கேன் வண்டிக்காரரின் மனைவி. மடியில் மூன்று மாதக் குழந்தை. வாய் ஓயாதவள்.

"இன்னாண்ணா, டீச்சர் சோறு போடறாங்கன்னு அடுப்பையே தூக்கிக்கினு வந்துட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். மூட்டையைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"ஏனப்பா, எங்க பயணம்?"

"ஹூப்ளி, டீச்சர்."

"ஹூப்ளில எந்த ஏரியா? சொல்லு, இவ பேரை அங்க மாத்தி விடறேன்." கையில் போனைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"போய்த்தான் தெரியும்."

"போய்த் தெரிஞ்சிக்க இது இன்னா சினிமாவா? ஏரியா சொன்னாத்தான் அங்க சாப்பாடு. சொல்லலைன்னா பேரு இங்க இருக்கும், வயிறு அங்க இருக்கும்." பிறகு உள்ளே திரும்பி, "நீயாவது சொல்லும்மா, எந்த ஏரியா?" என்றார்.

என் மனைவி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "அவருக்கே தெரியாது டீச்சர். எனக்கு எப்படித் தெரியும்?"

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

டீச்சர் அவளுடைய பையிலிருந்து தாய் கார்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். "நம்பர் படிக்க வரும் அல்லவா? படி."

எடை எழுதும் கட்டங்கள். மூன்றாம் மாதம் நாற்பத்து மூன்று. அப்போது நாங்கள் இதே ஊரில் ஒக்கலிபுரத்தில் இருந்தோம். நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும் காலி. அந்த இரண்டு மாதம் கோலார் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் இருந்தோம். அங்கே நான் யாரிடமும் அங்கன்வாடி எங்கே என்று விசாரிக்கவில்லை. ஆறாம் மாதம், இந்த லிங்கராஜபுரத்துக்கு வந்த வாரம், மறுபடியும் அதே நாற்பத்து மூன்று. ஏழாம் மாதம் நாற்பத்தைந்தரை.

"இந்த ரெண்டரை கிலோ நான் ஏத்தினது" என்றார் டீச்சர். "அந்த ரெண்டு கட்டம் நீ பண்ணது. ஆஸ்பத்திரில குழந்தை சின்னதா இருக்குன்னு சொன்னாங்க. அது உனக்குச் சொன்னாளா?"

அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் இன்னொரு கரண்டி சாம்பாருக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். ஹூப்ளிக்கு வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு இழுத்துப் போயிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. மெதுவாகச் சாப்பிட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வாட்டர் கேன்காரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே யாரிடம் என்றில்லாமல் பேசினாள். "எங்க வூட்லயும் இதே கதைதான். கேன் தூக்கற ஆளு நேத்து சொல்லாம கொள்ளாம பூட்டான். எங்க வூட்டுக்காரரு காலையிலருந்து கத்திக்கினே கீறாரு. ஷெட்டுக்குப் பின்னால ரூமு வேற சும்மா கெடக்குது. இந்த ஆம்பளைங்களுக்குக் கால்ல இன்னாதான் இருக்குதோ."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்படுகிறாள் என்று தெரிந்தது.

நான் கொஞ்ச நேரம் மூட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமை தூக்கும் வேலையில் எனக்கு விருப்பம் இருந்ததில்லை. ஒரே தெருக்களில் தினமும் சுற்றும் வேலை அதைவிடப் பிடிக்காது. காலியாக இருந்த இரண்டு கட்டங்களும் அப்படியே விரிந்து கிடந்தன.

"எத்தன மாடி ஏறணும்?" என்று கேட்டேன்.

வாட்டர் கேன்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாடி கெடக்கட்டும். நீங்க எத்தன நாளு இருப்பீங்க? அத்த சொல்லுங்க மொதல்ல."

என் மனைவியின் கை தட்டில் நின்றது.

"கொழந்த பொறக்கற வரைக்கும்" என்றேன்.

"பொறந்து ஆறு மாசம் வரைக்கும் தாய்க்குச் சாப்பாடு இருக்கு" என்றார் டீச்சர். "அதையும் சேத்துச் சொல்லப்பா."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. "சரி, அதையும் சேத்து" என்றேன். டீச்சர் போனை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு இரும்புச்சத்து மாத்திரையையும் தண்ணீரையும் என் மனைவியிடம் கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்த்தார். வெளியே வந்ததும் அவள் முந்தானையை அவிழ்த்துக் கடலை மிட்டாயை நீட்டினாள். நீயே தின்னு என்றேன். நடந்துகொண்டே முழுவதையும் தின்றாள். மூட்டையோடு நாங்கள் கேன் ஷெட்டைத் தேடிப் போனோம். தட்டும் டம்ளரும் பையில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் காக்ஸ் டவுனில் வேலை தொடங்கியது. முதல் வீடே மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தோளில் இருபது லிட்டர் கேனோடு ஏறி மணியடித்தேன். தலை நரைத்த ஓர் அம்மா கதவைத் திறந்தார்.

"புது ஆளா? எங்க இருக்க?"

"லிங்கராஜபுரம்மா. அங்கன்வாடி பக்கம்."

"போன ஆளும் நல்லாத்தான் வந்தான், திடீர்னு நின்னுட்டான். நீ நாளைக்கு வருவியா?"

"வருவேன்மா" என்று காலிக் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டியில் இன்னும் முப்பத்தெட்டு கேன் இருந்தது.