‘கேக்குதா?’ என்று கேட்ட ரேவதி அக்கா

ரேவதி அக்காவின் கடைசி வீடியோவுக்குக் கீழே அவர் தம்பி எழுதியிருந்தார்: “அக்கா காலைல தவறிட்டாங்க. தியாகதுருகம் வூட்லேர்ந்து எடுக்குறோம்.” லைக் போட்டே பழகிய விரல் திரைக்கு மேலேயே நின்றுவிட்டது. மஞ்சள் காமாலை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டு மட்டும் கேட்கிற சாதாரண இயர்போனில், வீட்டிலேயே மைக் வைத்துக் கொடுத்தவர் அவர். போனில் மைக் போய்விட்டால் புதுப் போனுக்கு வழியில்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

முதல் வீடியோவில் தான் செய்த மைக்கிலேயே பேசினார். உதடு அசைந்தது, சத்தமே இல்லை. “ஒண்ணுமே கேக்கலக்கா” என்று மணலூர்பேட்டையிலிருந்து நான்தான் மெசேஜ் அனுப்பினேன், நம்பரோடு. மறுநாள் அழைத்தார்.

“யாருப்பா அது, கேக்கலன்னது? ஒயர் மேல கீற வார்னிஷ சொரண்டாம ஈயத்த பத்த வச்சிட்டேன். இப்ப கேக்குதா?”

“கேக்குதுக்கா!”

அதற்குப் பிறகு எந்த மைக்கைச் செய்தாலும் என்னை அழைத்துத்தான் சோதிப்பார். எனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லி நச்சரித்தேன்.

“உன் போனு கணீர்னு கீது. உனக்கு இன்னாத்துக்கு?”

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி வெடித்தபோது ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கிய அலமேலு என்ற பெண், தியாகதுருகத்தில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். மதியம் போனில் வேலைக்கான நேர்காணல். அவர் போனிலோ மைக் வேலை செய்யவில்லை. செத்துப்போன பட்டன் போன் ஒன்றைப் பிரித்து, அதன் மைக்கை அக்கா எடுத்தார்.

சோதிக்க என்னை அழைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சிம்ம மாத்தி உங்க போன்ல பேசச் சொல்லுங்கக்கா!”

“வேல கெடச்சா நாளைக்கும் பேசணுமில்ல? வயித்தெரிச்சல் புடிச்சவனே, கேக்குதா சொல்லு!”

கேட்டது. அலமேலுவுக்கு வேலையும் கிடைத்தது.

சாவு வீட்டுப் பந்தலில் பாதிப் பேர் கழுத்தில் இயர்போன் தொங்கியது. ஒவ்வொன்றிலும், மைக் ஒட்டிய இடத்தில் அக்கா பூசும் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு. எங்கே திரும்பினாலும் அந்தப் பொட்டு! என் கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. அக்காவை நினைத்து அழுதேனா, எனக்கில்லையே என்று அழுதேனா, தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் கேட்டார். “தம்பிக்கு எந்தூரு?”

“மணலூர்பேட்டைங்க.”

குரலைக் கேட்டதும் அவர் கண் விரிந்தது. “நீதானா ‘கேக்குது’? நான் அலமேலுப்பா! அன்னிக்கி எங்கிட்ட மைக்க தர்றதுக்கு முன்னாடி, ஆளுக்கொரு காதுல இயர்போன மாட்டிக்கிட்டு, அக்கா உன் நம்பரத்தான் அடிச்சாங்க, பாக்காமலே. யாருக்குக்கான்னேன். ‘கேக்குதுக்கு’ன்னாங்க.”

“எனக்கும் அப்பிடித்தான்” என்றார் பின்னாலிருந்த பெரியவர். “இவுருதானா அவுரு?” என்று இன்னும் நாலு கழுத்துகள் திரும்பின.

மேளம் அடித்துத் தூக்கும்போது யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. அத்தனை சிவப்புப் பொட்டுகளுக்கும் நடுவில் நின்று கத்திச் சொன்னேன்:

“கேக்குதுக்கா. போய்ட்டு வாங்க.”