சம்பூரில் நான் துரத்திய தேனீக்கள்

அக்கா வீட்டில் எல்லோரும் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள். எனக்கு மட்டும் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர். முதல் நாள் சிரித்தேன். மூன்றாம் கிழமை எரிச்சல் வந்தது. ஜேர்மனியில் வேலை ஓய்ந்ததும் சம்பூரில், அக்காவின் வளவிலேயே ஒரு வீடு கட்டி இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. முடியுமா என்று பார்க்கத்தான் மூன்று மாதம் வந்து நின்றேன். சும்மா குந்தியிருக்காமல் தேனீ வளர்க்கத் தொடங்கினேன்.

மூதூரில் தேனீ வளர்க்கும் நாசர் நானா தேனீப் பூச்சிகளோடு ஒரு பெட்டி கொண்டுவந்து மாமரத்தடியில் வைத்துத் தந்தார். தொழில் எனக்குப் புதிதுதான். ஆனால் ஜேர்மனியில் சனிக்கிழமைத் தேனீ வகுப்புக்குப் போனவன் அல்லவா! கிழமைக்கொரு தடவை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். ஒருநாள் அடைச் சட்டத்தைச் சரித்துத் தூக்கிவிட்டேன். பாடம் நடத்திய பெண் எல்லோர் முன்னாலும் “நைன்! நைன்!”, கூடாது கூடாது என்று கத்தி, கையிலிருந்து பறித்தாள். கறுப்பன் என்றுதானே இப்படிக் கத்துகிறாள் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் குதித்தேன்.

சம்பூரில் யாரும் கத்தவில்லை. சனிக்கிழமை தவறாமல் வலைத்தொப்பி போட்டு, புகை அடித்து, பெட்டியைத் திறந்தேன். அக்காவும் அத்தானும் விறாந்தையில் நின்று பார்த்தார்கள். ஒருநாள் நாசர் நானாவும் வந்து நின்றார்.

“நானா, சரியாத்தானே செய்யிறன்?”

“நீங்க படிச்ச ஆள் தம்பி. உங்களுக்குத் தெரியாததா?”

ஐந்தாம் சனி திறந்தேன். வெறும் அடையும் நாலைந்து எறும்பும்தான் இருந்தன. உடனே நாசர் நானாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

“எங்கட பூச்சி ரோசக்காரப் பூச்சி தம்பி. சும்மா சும்மா திறந்தா கூட்டத்தோட போயிரும்.”

“அப்ப ஏன் முதலே சொல்லேல்லை?”

“அவ்வளவு ஆசையாச் செய்தீங்க. எப்பிடிச் சொல்லுற?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூச்சி போனதற்கல்ல, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்ததற்கு. அக்காவிடம் பாய்ந்தேன். “உனக்கும் தெரியுமே?”

“ஓம், தெரியும்.”

“பிறகேன் பேசாமல் நிண்டனீ?”

“நீ நிக்கப்போறதே இன்னும் கொஞ்ச நாள். அதுக்குள்ள உன்னை ஏன் நோகப்பண்ணுவான் எண்டு விட்டிட்டன்.”

புலம்பெயர்ந்த நண்பர்களே, ஜேர்மன்காரி பறித்தபோது கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. அவள் என்னைத் திருத்தலாம் என்று நினைத்தாள். என் கூடப்பிறந்தவளோ என்னை வழியனுப்பக் காத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து, அத்தான் சாத்தாமல் விட்ட படலையால் மாடு புகுந்து கத்தரிக் கன்றுகளை மேயத் தொடங்கியது. “உங்களுக்குக் கண் பிடரியிலயே இருக்கு?” என்று அக்கா சீறினாள். “நீ சாத்தியிருக்கலாமே!” என்று அத்தான் திருப்பிக் கத்தினார். கத்திக்கொண்டே இருவரும் மாட்டைத் துரத்தி ஓடினார்கள். நானும் ஓடினேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். உடனே குரலைத் தணித்து, “நீ இரு தம்பி, வெயில்” என்றாள்.