மாமனார் மரத்து ஜன்னல்

தாடிக்கொம்பு சாலையில் நாங்கள் கட்டிய வீட்டில் ஏழு ஜன்னல்கள். ஏழையும் தாழ்ப்பாள் போட்டு மூடிவிட்டு நடுக்கூடத்தில் நின்றால் வேட்டி பறக்கும். ஆடி மாதம் மேல்காற்று கிளம்பியதும் தேதி காலண்டரில் யாரும் தாள் கிழிக்க வேண்டியதில்லை, அதுவே கிழித்துக்கொள்ளும். சோற்றுத் தட்டில் செம்மண் விழும். வெஞ்சனத்தில் எது மிளகாய்த்தூள், எது ரோட்டுத்தூள் என்று கேட்காமல் சாப்பிடப் பழகிவிட்டோம்.

இந்தப் பெருமையெல்லாம் என் மாமனாரைச் சேரும். சாணார்பட்டிப் பக்கம் அவர் தோட்டத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. மகள் வீடு கட்டுகிறாள் என்றதும் கார்த்திகை மழையில் அதை வெட்டி, ஈரம் சொட்டச் சொட்ட லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். தையில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார், பச்சை மரம். ஒரு வருசமாச்சும் காயணும். இப்ப இழைச்சா சுருங்கிரும்."

பக்கத்தில் நின்ற மாமனாருக்கு மீசை துடித்தது. "எங்க மரத்தப் பத்தி எனக்குச் சொல்றியாக்கும்? முகூர்த்தத்தத் தள்ளிப் போடச் சொல்றியா? இழைய்யா!"

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தையில் கிண்ணென்று பொருந்திய ஜன்னல் கதவுகள் சித்திரையில் சட்டத்தை விட்டு விரலளவு விலகி நின்றன.

எனக்கென்ன, தும்மிவிட்டுப் போய்விடுவேன். என் மனைவிக்குத்தான் அந்தத் தூசியில் இளைப்பு வந்தது. ஆடி பிறந்தால் போதும், இரண்டு படி ஏறுவதற்குள் நெஞ்சில் விசில் அடிக்கும். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி இடுப்பிலேயே இருக்கும். டாக்டர், "ஜன்னல மூடியே வைங்கம்மா" என்றார். "மூடித்தான் சார் இருக்கு" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

அலுமினிய ஜன்னல் மாற்றலாம் என்றால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா ஆசையாக் குடுத்ததுங்க. பிடுங்கி எறிஞ்சா செத்துருவாரு." ஆகவே பழைய நைட்டி, பேப்பர், பாலிதீன் பை என்று கிடைத்ததையெல்லாம் இடுக்கில் திணித்தோம். அதிலும் ஒரு கூத்து. மாமனார் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "மாப்ள, வாரேன்" என்று போன் போட்டாரென்றால், அரை மணி நேரத்தில் ஏழு ஜன்னலிலிருந்தும் அத்தனையையும் உருவி எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவோம். திருட்டுச் சாமான் ஒளிக்கிறவன்கூட அவ்வளவு வேகமாக ஒளிக்கமாட்டான். அவர் போனதும் மறுபடி திணிப்போம். ஆறு வருஷம் இந்தப் பிழைப்பு.

போன ஆடியில் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தவர், வழக்கம்போல ஜன்னலடியில் நாற்காலி போட்டுச் சாய்ந்தார். "ஆகா! வேம்புக் காத்து மாப்ள. மருந்து!" என்றார். அந்த மருந்து அவர் மகளின் மூக்கில் ஏறி அரை மணி ஆகியிருந்தது. காப்பித் தம்ளரை நீட்டியவள் அப்படியே சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். மூச்சு ஏறுகிறது, இறங்கவில்லை. இடுப்பிலிருந்த குப்பியை எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

மாமனார் பதறிப்போய் என் மேல் பாய்ந்தார். "என்ன மாப்ள, வீடா இது? இம்புட்டுத் தூசி! கூட்டிப் பெருக்க மாட்டீங்களா?"

அப்போதும் நான் விட்டத்தைப் பார்த்தேன். அவள்தான் மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னாள்: "அப்பா... உங்க ஜன்னல்தாம்ப்பா... என்னையக் கொல்லுது."

சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் கை காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். நைட்டி, பேப்பர், பாலிதீன். எழுந்து, மூடியிருந்த ஜன்னலின் இடுக்கில் கையை வைத்துச் செத்த நேரம் நின்றார். குதிப்பார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த சலவைத் துண்டை எடுத்தார். கலெக்டர் வந்தாலும் இறக்காத துண்டு. அதைச் சுருட்டி இடுக்கில் ஒவ்வொரு அங்குலமாகத் திணித்தார்.

"ஆசாரி அன்னைக்கே சொன்னான்ல?"

"சொன்னாரு மாமா."

"நான் கிறுக்குப்பய, கேக்கல. நீங்க பக்கத்துலதான நின்னீங்க? எம்புள்ள மூச்சு முட்டுறதப் பாத்துக்கிட்டு ஆறு வருசமா என்ன பண்ணீங்க?"

மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளும் அதையேதான் கேட்டாள் போலிருந்தது. நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய் ஒரு நைட்டியை இழுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்கு ஓடினேன்.