நான் அடிக்கச் சொன்ன வரி

பி.காம். முடித்து வீட்டில் இருந்த வருஷம், ஒரு முழு வீட்டை விற்கும் அதிகாரம் என் பெயருக்கு வந்தது. தாய்மாமா டில்லிக்கு மாற்றலாகிப் போனார். சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த தன் வீட்டில் குடியிருப்பவரைக் காலி செய்ய வைத்து, விற்றுத் தர அவருக்கு ஆள் வேண்டும். "படிச்ச பொண்ணு வீட்லயே இருக்குது, வெளிய எதுக்குத் தேடணும்?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்திரம் எழுதுபவர் ரெஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். பவர் பத்திரத்துக்கு அவரிடம் ஒரு பழைய நகல் உண்டு. பெயரையும் சொத்து விவரத்தையும் மட்டும் மாற்றுவார். நான் விடுவேனா? வரி வரியாகப் படித்தேன். தேவைப்பட்டால் ஏஜென்ட், அதாவது நான், தனக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது.

"இது எதுக்கு சார்? மாமா என்னை நம்பி எழுதறார். நான் வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டா?"

"வழக்கமா போடற வரிதாம்மா. இருந்துட்டுப் போவட்டும்."

"அடிச்சிடுங்க. ஏஜென்ட்டே நேர்ல செய்யணும்னு போடுங்க."

மாமா சிரித்தார். "வக்கீலுக்கே வக்கீல் இது. அது சொல்ற மாதிரியே போடுங்க சார்."

சார்பதிவாளர் முன்னால் மாமா கையெழுத்துப் போட்டார், பெருவிரலை உருட்டினார். இரண்டு சாட்சிகள் போட்டார்கள். என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. ஓரமாக நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடியிருந்தவர் நெசவாளர். கூடத்தில் பள்ளம் தோண்டிப் போட்ட குழித்தறி. தறியில் பாவு இருக்கும்போது காலி செய்யச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். பாவு என்பது நீளவாட்டில் போகும் இழைகள்; ஒரு பாவில் மூன்று புடவை வரும். "இந்தப் பாவு முடியட்டும்மா" என்றார். சரி என்றேன்.

முடியும் சமயம் பார்த்துப் போனேன். அவரும் அவர் மனைவியும் விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய பாவின் முனையில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"என்னங்க இது?"

"வேற வீடு பாத்துக்கினுதாம்மா இருக்கறேன். கூடத்துல குழி தோண்ட எவன் விடறான், சொல்லு? இதுவும் முடிஞ்சிடட்டும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். அடுத்த முறையும் அதேதான். அந்தத் தறி காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. பதினைந்து நாளில் சேர வேண்டும். "நீ கெளம்பு, வீட்ட நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுதியவரிடமே ஓடினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "உங்கப்பாவுக்கு எப்பிடிம்மா மாத்தறது? அந்த வரியத்தான் அடிக்கச் சொன்னியே."

"அப்ப குடியிருக்கறவரையே இருந்துக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு நான் கெளம்பிட்டா?"

"அது உன் சௌகரியம். உங்க மாமா விக்கச் சொல்லிக்கீறாரு. ஏஜென்ட்னா அவரு கை மாதிரி. கை தனக்கு வேணுன்றத எடுத்துக்கினு ஓடுமா?"

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன். அப்பா பெயருக்குப் புதுப் பத்திரம் போட அவர் வர வேண்டும். "லீவு கெடைக்காதும்மா. ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கயேன். வேலை எங்க ஓடிடப் போவுது?" கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுபடி பத்திரக்காரர். இந்த முறை பாவப்பட்டுச் சொன்னார்: "அவரு ரத்து பண்ணணும்னு இல்ல. உனக்கு வேணான்னா நீயே விலகிக்கலாம். திடுதிப்புனு விட்டுட்டு ஓடாத. ஒரு மாசம் டைம் குடுத்து ரிஜிஸ்டர் தபால்ல எழுது."

வீட்டில் சொன்னதும் அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். "தாய்மாமனுக்கு நோட்டீஸா? நாளைக்கு உனக்கு மாலை எடுத்துக் குடுக்கறது யாரு? பத்திரக்காரரா?"

விலகிக்கொள்கிறேன் என்று மாமாவுக்கு எழுதிய கடிதம் மூன்று நாள் என் கைப்பையில் கிடந்தது. அதைப் போடாவிட்டால் பெங்களூர் இல்லை. போட்டால் மாமா இல்லை. நாலாம் நாள் போட்டேன். கம்பெனிக்கும் ஒரு மாதம் அவகாசம் கேட்டு அன்றே எழுதினேன். வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று அங்கிருந்து இரண்டு வரி வந்தது.

அந்த ஒரு மாதமும் நான் ஏஜென்ட்தான். கடைசி வாரம் நெசவாளர் வீட்டுக்குப் போனேன். தறியில் பாவு முடியும் நிலையில் இருந்தது. சுவரோரம் புதுப் பாவு தயாராக இருந்தது.

"பிணைக்கட்டுமாம்மா? நீ சரின்னா சரி."

சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிட்டு நான் போனால், அடுத்த மூன்று புடவைக்கு மாமா காத்திருக்க வேண்டும். "என்னைக் கேக்காதீங்க. மாமா நம்பர் தர்றேன், அவரையே கேளுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

மாமாவிடமிருந்து ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது, கையெழுத்தோடு. அதைப் பத்திரத்தோடு சேர்த்து அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு, அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று வேலை இல்லாமலே பெங்களூர் பஸ் ஏறினேன். அம்மா ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"உங்க மாமா போன் பண்ணா என்னடி சொல்றது?"

"நானே நேர்ல பேசிக்கறேன்னு சொல்லு" என்றேன், பஸ் நகர்ந்தது.