பக்கத்து வகுப்பின் அமைதி

என் வகுப்பு எப்போதும் சந்தைக்கடைதான். இரண்டாம் வகுப்பு. நானும் கத்துவேன், அவர்களும் கத்துவார்கள், நடுவே எப்படியோ பாடமும் நடந்துவிடும். லப்பைக்குடிக்காட்டை ஒட்டிய எங்கள் பள்ளியில் எனக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே பாதிச் சுவர்தான். அந்தப் பக்கமிருந்து சத்தமே வராது. "அவங்களால முடியுது, உங்களால ஏன் முடியல?" என்று தலைமையாசிரியர் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். வேலைக்கு வந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. பிள்ளைகளை அடிக்க மாட்டாள், அதட்டக்கூட மாட்டாள். ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால் மற்றது ஏங்கிப்போகும் என்று யோசித்து, பரிசை வகுப்புக்கே பொதுவாக்கிவிட்டாள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். எல்லோரும் ஒழுங்காக இருந்தால் அதில் ஒரு புளியங்கொட்டை விழும். யாராவது சத்தம் போட்டால் ஒன்றை வெளியே எடுத்துவிடுவாள். பாட்டில் நிறைந்தால் எல்லோருக்கும் கலர் பென்சில். "யாருக்கும் வஞ்சன இல்லக்கா" என்றாள் என்னிடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பியிருந்தார். அதிலிருந்து, காலையில் வந்து உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிடுவாள். அழுகை சுவரைத் தாண்டி என் வகுப்புக்கு வரும். கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்த டீச்சரை ஆபீஸில் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் இல்லாத ஒன்றாம் வகுப்பு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. பொறாமையோடுதான் எட்டிப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். ஒருத்தி பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தியிருந்தாள். இன்னொருத்தி அவள் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்றாவது பிள்ளை தன் சட்டை நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவு பிரியமாக. யார் முகத்திலும் கோபமே இல்லை. அவளும் திமிறவில்லை. மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், அவ அழுவல. நாங்க அழுவ வுடல. கொட்ட போடுவீங்களா?"

ஓடிப்போய் அந்தக் கைகளை விலக்கினேன். விலக்கிய பிறகும் அவள் அழவில்லை.

திரும்பி வந்த டீச்சரிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்து தேம்பினாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா" என்றாள். சொல்லவில்லைதான். சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அன்றே பாட்டிலைத் தூக்கிப் போட்டாள். கலர் பென்சிலை எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தாள். அழுகை வந்தால் அழலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று வகுப்புக்குச் சொன்னாள். அந்தப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, "அழு தங்கம், டீச்சர் எதையும் எடுக்க மாட்டேன்" என்றாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டியது. அது ஒரு தடவையாவது வாய்விட்டு அழாதா என்று நாங்கள் இருவரும் தினமும் காத்திருந்தோம்.

இப்போதும் என் வகுப்பில் சட்டென்று சத்தம் குறைந்தால், யார் வாயை யார் பொத்துகிறார்கள் என்றுதான் கண் முதலில் தேடுகிறது. மற்ற டீச்சர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பாட்டிலைத் தூக்கிப் போட்ட அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். விஷயம் தெரிந்து சண்டைக்குத்தான் வருகிறாள் என்று பயந்து இருவரும் எழுந்து நின்றோம்.

"என்ன பண்ணுனீங்களோ தெரியல டீச்சர், அல்லா ஒங்கள நல்லா வெக்கணும். முன்னல்லாம் அவங்க அத்தா போன்ல வந்தா அழுதே உசிர வாங்கும். அங்க அவருக்கும் வேல ஓடாது. இப்ப சத்தமே இல்ல. சிரிச்சிக்கிட்டே கை காட்டுது."

டீச்சர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா துப்பட்டா முனையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, சிரித்தபடி சொன்னாள்:

"அத எனக்கும் சொல்லிக்குடுங்க டீச்சர். நான்தான் போன வெச்சதும் இன்னும் அழுதுக்கிட்டு கெடக்கேன்."